வெளித் தாழ்ப்பாள்

"வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்கு. உள்ள ஆள் இருக்குன்னு நீயும் கதை விடறியாம்மா?"

"உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது சார். எங்க வீட்டுக்காரரு எழுந்திரிக்க முடியாம படுத்திருக்காரு. நாய் நுழையாம நான்தான் போட்டுட்டுத் தண்ணிக்குப் போனேன்."

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், இடிப்பதற்காக விற்றுப்போன பங்களாவின் பின்புறம். சமையல்காரர்கள் இரவில் ஓடிவிடாதபடி, அந்தக் காலத்தில் கட்டிய வெள்ளைக்காரத் துரை தாழ்ப்பாளை வெளியில் மட்டும் வைத்த அறைகள். ஸ்டெல்லா சொன்னதைக் கேட்டு மேஸ்திரி ரவிக்குமார் சிரித்தபடி ஜேசிபி ஓட்டுநருக்குக் கையசைக்கிறான். வண்டியின் இரும்புக்கை சுவரில் இறங்குகிறது. காலை வெயிலில் செங்கல்தூள் சிவப்பாக எழுந்து மெல்ல மிதக்கிறது. இரண்டு பேர் ஸ்டெல்லாவின் முடியைப் பற்றி இழுக்கிறார்கள். அவள் கடித்த கையிலிருந்து அவள் கழுத்தில் ரத்தம் சொட்டுகிறது. ஓடுகள் சரிகின்றன. அவள் ஓட்டுநரைப் பார்த்துக் கத்துகிறாள்.

"அண்ணா, இஞ்சினை மட்டும் ஒருதரம் நிறுத்துண்ணா, அவரு இருமுறது உனக்கே கேட்கும்!"