காற்று நுழையும் வழி

“இந்த வாயை இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டியிருக்கணுமோடா?”

“இதுக்கு மேல வெட்டினா அது கார் இல்லக்கா, கொட்டாவி விடற நீர்யானை.”

அக்கா சிரிக்கவில்லை. ரேஸ் காரின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, தான் செய்த பம்பரையே முறைத்துக்கொண்டிருந்தாள். கீழே அகலமான வாய். கல் வந்து அடிக்காமலிருக்க அதில் மாட்ட ஒரு கம்பி வலை. வாய்க்கு உள்ளே, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர். உள்ளே வரும் காற்று பக்கவாட்டில் நழுவிவிடாமல் நேரே போய் அதில் மோத, இரண்டு புறமும் தகடு வளைத்து வைத்திருந்தாள். சூடான காற்று வெளியேற பானெட்டில் மீன் செவுள்போல் கீறல்கள்.

எல்லாம் தம்பிக்காக. பயிற்சியின்போது இன்ஜின் சமர்த்தாக இருக்கும். ரேஸ் என்று வந்துவிட்டால் பாதியிலேயே கொதித்துவிடும். தம்பி காரை ஓரங்கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வருவான். இந்த வருஷம் ஒரு ரேஸைக்கூட அவன் முடிக்கவில்லை.

“முன்னால போற வண்டிங்க விடற சூட்டையெல்லாம் நம்ம வண்டி குடிக்குதுக்கா” என்பான். அதை நம்பித்தான் அவளும் ஒவ்வொரு தடவையும் வாயை அகலப்படுத்தினாள்.

ஷெட் கதவில் வண்டி முதலாளியின் தலை தெரிந்தது.

“என்னம்மா, இன்னைக்காவது ரேஸா? இல்ல, வழக்கம்போல வெந்நீர் போடப் போறீங்களா?”

“இன்னைக்கு முடிச்சிடுவான் சார்.”

“முடிச்சா சரி. இல்லேன்னா அடுத்த ரேஸுக்கு வேற ஆளு. நானும் எத்தனை நாளைக்குத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கறது?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றாள்.

“வண்டியைச் சொல்லுங்க சார், கேட்டுக்கறேன். என் தம்பியைச் சொல்லாதீங்க. போன வருஷம் கடைசி வளைவுல இவன் சிநேகிதன் வண்டி உருண்டுச்சே, அடுத்த வாரமே அதே வளைவுல போய் ஓட்டினவன் இவன். பயம்னா கிலோ என்ன விலைன்னு கேப்பான்.”

தம்பி கையுறையை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

முதலாளி போனதும் அவள் மறுபடி பம்பரின் முன்னால் குனிந்தாள். இன்றைக்கும் கொதித்துவிட்டால்? சின்ன வயசில் தகர டப்பாவுக்குச் சக்கரம் வைத்து ஓட்டியவனின் கனவு அத்தனையும் ஒரு ரேடியேட்டரின் ஆவியாகப் போய்விடுமே!

“நீ கொஞ்சம் வெளியே நில்லுக்கா. நான் வலையை மாட்டிடறேன்” என்றான் தம்பி.

அது இந்த வருஷம் அவன் ஆரம்பித்த வழக்கம். வண்டியின் எல்லாத் திருகாணியையும் அக்கா முறுக்கலாம். முன்பக்க வலையை மாட்டுவதும், ரேஸ் முடிந்ததும் கழற்றுவதும் ஓட்டுகிறவன் வேலை. அப்போது வண்டியோடு தனியாகப் பேச வேண்டுமாம், ராசியாம். அவள் சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்தபோது அவள் கையில் சிவப்புக் கம்பளி நூலும் டேப்பும் இருந்தன. நூலை விரல் நீளத்துக்கு நறுக்கி, பானெட்டின் மேலும் பம்பரின் வாயைச் சுற்றியும் ஒட்ட ஆரம்பித்தாள்.

“இது என்னக்கா, வண்டிக்கு மீசையா?”

“காத்து எங்க போகுதுன்னு நமக்குத் தெரியாது. இது காட்டிக்குடுத்துடும்.”

“இப்பவா? வரிசைக்குக் கூப்பிடப் போறாங்கக்கா. அதெல்லாம் வேணாம்.”

“ஒரே நிமிஷம்டா.”

பெரிய மின்விசிறியைத் தள்ளிக்கொண்டுவந்து காரின் எதிரே வைத்துப் போட்டாள். பானெட்டின் மேல் இருந்த நூல்கள் வாரிவிட்ட தலைமுடிபோல் படிந்தன. வாயைச் சுற்றி இருந்தவை உள்ளே இழுபட வேண்டும். ஆனால் அவை வாசல்வரை போய், கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் திரும்புகிறவர்களைப்போல், வெளிப்பக்கமாக மடங்கி மடங்கித் துடித்தன.

அவள் மின்விசிறியை நிறுத்தினாள்.

“உள்ள என்னவோ அடைக்குதுடா.”

“ஒன்னும் இல்லக்கா, விடு.”

அவள் திருப்புளியை எடுத்துவிட்டாள்.

“அக்கா, ராசி போயிடும்!”

“இன்ஜினே போகுதாம். ராசியாம் ராசி!”

வலை கழன்று வந்தது. உள்ளே கையை விட்டாள். ரேடியேட்டரின் மேல் மெத்தென்று ஏதோ இருந்தது. பிடித்து இழுத்தாள். கறுப்பு ஸ்பாஞ்சு. ரேடியேட்டரில் பாதிக்கு மேல் மறைக்கும்படி கச்சிதமாக வெட்டி, ஓரம் பிரியாமல் டேப் சுற்றியிருந்தது.

“அடப்பாவிகளா! அளவெடுத்து வெட்டி வச்சிருக்கானுங்கடா!” அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “அப்போ என் பம்பர்ல குத்தமே இல்ல! உன் மேலயும் குத்தம் இல்ல! எவனோ நம்ம வளர்ச்சி பிடிக்காம இந்த வேலை பண்ணியிருக்கான். இரு, இப்பவே போய் நடுவர்கிட்ட காட்டறேன்.”

வெளியே ஒலிபெருக்கி கார்களை வரிசைக்கு அழைத்தது. பக்கத்து ஷெட்டில் ஒரு இன்ஜின் உறுமியது.

“இனிமே பாரு, சூடு காட்டற முள்ளு ஏறவே ஏறாது. கடைசிச் சுத்து வரைக்கும் நீ பறக்கலாம்டா!”

ஸ்பாஞ்சோடு வாசலுக்கு ஓடியவளின் மணிக்கட்டைத் தம்பி பிடித்தான். பிடியை விடவில்லை. அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியே, தூரத்தில் தெரிந்த கடைசி வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“யார்கிட்டயும் போகாதக்கா” என்றான், காற்றைவிட மெல்லிய குரலில். “அதை எடுத்த இடத்துலயே திரும்ப வச்சிடேன்... ப்ளீஸ்க்கா.”