உலை வை

உரிமம் இல்லாதவர்கள் வாக்கிடாக்கியில் உயிராபத்தை மட்டுமே சொல்லலாம். வேறு எது பேசினாலும் கருவி ஒரு வருடத்துக்கு வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் ஆபத்துக்கும் திறக்காது. காது மட்டும் கேட்கும்.

கடலிலிருந்து கரை நெருங்கும்போது வீட்டுக்கு "உலை வை" என்று சொல்வது அந்த மீனவக் குப்பத்தின் வழக்கம். போன மாதம் அமலதாஸ் பழக்கதோஷத்தில் அதைக் கருவியில் சொல்லிவிட்டார். இன்று நடுக்கடலில் எஞ்சின் நின்றபோது அவரால் கேட்க மட்டுமே முடிந்தது.

வெயில் சாயும் வேளையில் மனைவி ரெஜினாவின் குரல் வந்தது.

"மூணு மணிக்கெல்லாம் வந்துருவாங்க, இன்னும் காணோம். தெக்க நிக்குற போட்டுக்காரங்க யாராச்சும் பாருங்கண்ணே..."

தாமதம் உயிராபத்து ஆகாது. அவளுக்கும் அது தெரியும். குரல் அறுந்தது.

ஒரு மணி நேரத்தில் விசைப்படகு ஒன்று வந்து கயிறு வீசியது.

வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது; அரிசி இன்னும் போடவில்லை. அவள் கருவியில், வாயை மூடிக்கொண்டதற்கு அடையாளமாக, சிவப்பு விளக்கு எரிந்தது. அமலதாஸ் அதன் முன் வந்து நின்றார்.

"நீ பேசுனது கேட்டுச்சு ரெஜினா. ஓவர்."

"பேச லைசென்ஸ் இருக்கா?" என்றபடி அவள் அரிசியைப் போட்டாள்.