பன்னிரண்டு பாட்டு தெரியும்

"அடுத்தது நீங்கதாங்க. என்னாங்க இது, உங்க கை ஏன் இப்படி சில்லுனு இருக்கு?"

சுலோசனா தன் கணவரின் விரல்களை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

"ஃபேன் காத்து" என்றார் கமலக்கண்ணன். அவர் உட்கார்ந்திருந்த மூலையில் ஃபேனே இல்லை.

உப்பளம் பகுதியில் அவர்கள் தெருச் சங்கத்தின் ஆண்டு விழா. சின்ன ஹால்தான். போட்டிருந்த நூறு நாற்காலிகளும் நிரம்பிவிட்டன. மேடையில் ஒரு பாட்டுக் குழு கீபோர்டும் பெரிய ஸ்பீக்கருமாகச் சுவரை அதிரவைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் இறங்கியதும் அடுத்து, அழைப்பிதழில் அச்சடித்திருந்தபடி, 'கிட்டார் இசை: கமலக்கண்ணன்'.

பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். ஏழு மாதங்களுக்கு முன்பு, நாற்பத்திரண்டு வயதில், ஆசை ஆசையாய் ஒரு கிட்டார் வாங்கினார். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். பத்தே நிமிடத்தில் மிஷின் இரைச்சல் காதைவிட்டு இறங்கிவிடும். விரல் நுனி காய்த்துப்போனதில்கூட அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. "எத்தனை பாட்டுப்பா வரும்?" என்று மகள் அபி கேட்டபோது வாய் சும்மா இருக்கவில்லை. "பன்னெண்டு" என்று சொல்லிவிட்டார்.

தெரிந்தது ஒன்று. அதிலும் பாதியில் 'எஃப்' என்று ஒரு சுரக்கூட்டு வரும். ஒரே விரலால் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஏழு மாதமாக அவரும் அழுத்துகிறார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியது மாதிரிதான் சத்தம் வருகிறது.

நான்காம் வகுப்பு படிக்கும் அபி, தன் வகுப்பில் பாதிப் பேரைக் கூட்டி வந்து முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தாள். "எங்கப்பாவுக்குப் பன்னெண்டு பாட்டு தெரியும்!" என்று அவள் கத்திச் சொன்னது இந்த மூலைவரை கேட்டது. மற்றவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிவிடுமே என்பதுதான் கமலக்கண்ணனின் பயமெல்லாம்.

"சுலோ, மயக்கம் வர்ற மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போயிடலாமா?"

"சும்மா இருங்க. ரூமுக்குள்ளயே வாசிச்சிக்கினு இருந்தா யாருக்குத் தெரியும்? எங்கண்ணன் வேற இதுக்குன்னே வில்லியனூர்லேர்ந்து வந்து உக்காந்திருக்காரு."

மேடையில் கடைசிப் பாட்டு என்று அறிவித்தார்கள். கமலக்கண்ணன் சட்டென்று எழுந்தார்.

"ஒரு நிமிஷம். பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன்."

"இது நாலாவது வாட்டி!"

ஹாலின் பின்பக்கம் போனவர் திரும்பி வருவதற்குள், பாட்டின் நடுவில் கீபோர்டு நின்றது. விளக்குகள் அணைந்தன. பிள்ளைகள் "ஓ"வென்று கூச்சல் போட்டார்கள். இருட்டில் நாற்காலிகளைத் தடவித் தடவி அவர் சுலோசனாவிடம் வந்து சேர்ந்தார்.

"கரண்ட் போயிடுச்சா? அடடா!" குரலில் வருத்தத்தைக் கொண்டுவர ரொம்பவும் கஷ்டப்பட்டார். "இனிமே எங்க நடத்தப் போறாங்க? கெளம்பலாம். அபியக் கூப்பிடு."

கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுக்கும்போது அவர்மேல் வெளிச்சம் விழுந்தது. சங்கச் செயலாளர் இராமதாஸ், டார்ச் வைத்த புது செல்போனும் கையுமாக நின்றார்.

"சார், நல்லவேளை நீங்க இருக்கீங்க! பாட்டுக்காரங்க மூட்டை கட்டிட்டாங்க. கரண்ட் இல்லாம அவங்களால ஒண்ணும் பண்ண முடியாதாம். உங்க கிட்டாருக்குத்தான் ஒயரே வேணாமே! வாங்க மேடைக்கு."

கமலக்கண்ணன் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினார். "மைக் இல்லாம... கடைசி வரிசைக்குக் கேக்காதுங்க."

"ஃபேனெல்லாம் நின்னுபோச்சு. இப்பத்தான் நல்லாக் கேக்கும்."

"ஒரு பாட்டு வாசிச்சா போதுமில்ல?"

"கரண்ட் வர்ற வரைக்கும் வாசிங்க சார். இன்னும் பரிசு குடுக்கணும், கூட்டம் கலைஞ்சிடக் கூடாது. எத்தனை பாட்டு வரும் உங்களுக்கு?"

"பன்னெண்டு!" என்றாள் சுலோசனா பெருமையாக.

கமலக்கண்ணன் அணைந்த விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். "அஞ்சு நிமிஷத்துல கரண்ட் வந்துடும், இல்ல?"

"எங்க சார்! தெருவெல்லாம் எரியுது, நம்ம ஹால்லதான் இல்ல. மெயின் போர்டுல இருந்த பீஸ் கட்டைய எவனோ புடுங்கிக்கினு போயிட்டான். மஜீத் பாய் ஹார்டுவேர் கடையில வாங்கலாம்னா, அவரு கடையப் பூட்டிட்டு காலாப்பட்டுல பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காரு. போன் பண்ணிட்டேன். வந்து கடையத் தொறக்க ஒரு மணி நேரமாவும்."

"ஒரு மணி நேரமா!" கமலக்கண்ணன் பதறிப்போனார். "நான் வேணா போயி அங்க தேடிப் பாக்கட்டுமா? கீழ எங்கயாவது விழுந்திருக்கும்..."

"நீங்க எதுக்கு சார்? எல்லாரும் தேடியாச்சு. நீங்க வாங்க."

இராமதாஸ் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடு மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பத்துப் பதினைந்து செல்போன் வெளிச்சங்கள் ஒன்றாக அவர் முகத்தில் விழுந்தன. ஹால் முழுக்க அமைதியானது. முதல் வரிசையில் அபி நாற்காலிமேல் ஏறி நின்று, "மொதப் பாட்டுப்பா!" என்று கைதட்டினாள்.

இனித் தப்பிக்க வழியில்லை. கமலக்கண்ணன் கிட்டாரை எடுத்து வலது தொடைமேல் வைத்தார்.

'டொக்'கென்று இடித்தது, பேன்ட் பாக்கெட்டில் இருந்த பீஸ் கட்டை.