ஏரியைக் குடித்தவர்

“ஒரு ஏரியையே குடிச்சுட்டு, சொட்டுகூட விடாம உட்கார்ந்திருப்பேன்மா!” என்றார் பெரியவர், கதிர்வீச்சு சிகிச்சை அறை வாசலில் தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்தபடி.

“தினமும் இதே புளுகு. பாதியிலயே கழிப்பறைக்கு ஓடுவாரு,” என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

அன்று காலைதான் வேலையில் சேர்ந்த டெக்னீஷியனுக்குத் தலை சுற்றியது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் கதிரிலிருந்து விலகி நிற்கும். இவரோ இப்போதே நெளிகிறார்.

“ஐயா, என் உயிரை வாங்காதீங்க. பை நிறையாம சிகிச்சை கிடையாது. அடக்கிக்கிட்டு உள்ள வாங்க.”

எழுந்தது மனைவி.

“கருப்பை வாய்ப் புற்றுநோய் எனக்குத்தாம்மா. ஆரம்பத்துல அடக்க முடியாம திரும்பிப் போனேன். இனிமே வரவே மாட்டேன்னு அழுதேன். ‘யார் அடக்குறா பார்ப்போம்’னு இவரும் குடிக்க ஆரம்பிச்சாரு. இந்த மனுஷன்கிட்ட தோக்கக் கூடாதுன்னே அடக்கப் பழகிட்டேன். இன்னைக்குக் கடைசி நாள்.”

சிகிச்சை முடிந்து அவள் வெளியே வந்தபோது, பெரியவர் கால்மேல் கால் போட்டு, வியர்த்து வழிய, அதே நாற்காலியில் இருந்தார்.

“முடிஞ்சுது, ஓடுங்க!”

அவர் பறந்தார். டெக்னீஷியன் சிரித்தாள். “உங்களுக்குத் தெரியாம நடுவுல போயிட்டு வந்திருப்பாரும்மா.”

“இல்லம்மா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மனைவி. “அந்த ஓட்டத்தைப் பார்த்தா தெரியல? இன்னைக்கு நிஜமாவே அடக்கிட்டாரு.”