அலினாவின் வலது கை

“அப்ப இது வெறும் வியாதிதானா டாக்டர்? வேற ஒண்ணும் இல்லையா?”

அலினா மறுபடியும் அதையே கேட்டாள்.

ஔந்த் கிளினிக்கில் நரம்பு மருத்துவர் ரவிசந்திரன் பொறுமையாகவே விளக்கினார். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறை அரித்துப்போகும் நோய். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். அபூர்வமாகச் சிலருக்கு இப்படிக் கை தானாக முறுக்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். பாடினாலோ வேகமாக மூச்சு வாங்கினாலோ வரும். சற்றுமுன் அவர் மூச்சை இழுத்து இழுத்து விடச் சொன்னபோது, அவளுடைய வலது கை மணிக்கட்டு மடங்கி, விரல்கள் குவிந்து, தோள்வரை முறுக்கியதைக் கணவன் ஐசக்கும் பார்த்தான்.

“முறுக்கறது மாத்திரையிலேயே நின்னுடும்மா. நோய்க்குத்தான் வருஷக்கணக்கா மருந்து எடுக்கணும்.”

“முதல் தடவை வந்ததும் இதனாலதானா?”

“ஆமா.”

அலினா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ரிக்‌ஷாவில் ஹடப்சரில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது ஐசக் தனக்குத் தெரிந்த ஆறுதலையெல்லாம் சொன்னான். வீட்டு வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், அவள் ஓய்வெடுத்தால் போதும் என்றும் சொன்னான். எதுவும் அவள் காதில் விழவில்லை. நடமாட முடியாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறாள் என நினைத்து அவள் கையைப் பிடித்தான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“இதைத் தொடாதீங்க.”

வீட்டு வாசலில் பெட்டி என்ற பெண் காத்திருந்தாள். அவர்கள் போகும் அதே சர்ச்சுக்கு வருகிறவள். அவள் தோளில் மகள் ஜெபிஷா துவண்டு கிடந்தாள். முடியெல்லாம் உதிர்ந்து, இப்போதுதான் மறுபடி முளைக்கத் தொடங்கிய தலை.

“ஆஸ்பத்திரியில இருந்துதான் வாரோம்க்கா,” என்றாள் பெட்டி. “ரத்தப் புற்று முத்திட்டாம். இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. ஏன் மருந்தை நடுவுல நிறுத்துனேன்னு ஏசுதாங்க.”

அலினா வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“அவங்களுக்கு என்னக்கா தெரியும்? நீங்க பாடும்போது பரிசுத்த ஆவியானவர் இறங்கி இந்தக் கை முறுக்குறதைச் சபையே பாத்திருக்கு. அந்தக் கையை இவ தலையில வச்சு, சுகமாயிட்டான்னு நீங்க சொன்ன அன்னைக்கே நான் மருந்தை நிறுத்திட்டேன்லா?”

பெட்டி அலினாவின் வலது கையை எடுத்து, மகளின் தலைமேல் மறுபடியும் வைத்தாள்.