கேன்டீன் டிவியைப் பூட்டியது யார்?

"கேன்டீன் டிவியைப் பூட்டி வெச்சது யாரு? எனக்கு இப்பவே தெரிஞ்சாவணும்!"

கன்ட்ரோல் ரூமுக்குள் தாண்டவராயன் நுழைந்த வேகத்தில், அங்கே ஆபரேட்டராக இருந்த கவிப்பிரியா எழுந்தே நின்றுவிட்டாள். பின்னாலேயே செக்யூரிட்டி உச்சிமாகாளி, கேன்டீனில் மேசை துடைக்கும் ரத்தினத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

தாண்டவராயன் என்ன லேசுப்பட்ட ஆளா? ஒரகடத்தில் அந்தக் கார் உதிரிபாகக் கம்பெனிக்கு எச்.ஆர். மேனேஜர். தினமும் காலையில் தன் ரூம் கேமரா முன்னால் உட்கார்ந்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார். ஷாப் ஃப்ளோர், கேன்டீன், கேட் என்று எல்லா டிவியிலும் அவர் முகம்தான். எந்தக் கேமரா எந்த டிவிக்குப் போக வேண்டும் என்று மாற்றிவிடுகிற பட்டன் பலகை கன்ட்ரோல் ரூமில் இருந்தது. "எனக்கும் ஒண்ணு வேணும்" என்று அடம்பிடித்துத் தன் மேசையிலும் ஒன்றை மாட்டிக்கொண்டார்.

மேல் வரிசை, படம் எங்கிருந்து என்பதற்கு. கீழ் வரிசை, எங்கே என்பதற்கு. இரண்டையும் அமுக்கி, கடைசியில் 'டேக்' அமுக்கினால்தான் படம் மாறும். அந்த டேக்கையும் போன வாரம் கவிப்பிரியாவிடம் எடுக்கச் சொல்லிவிட்டார்.

"அமுக்கினா உடனே மாறணும்மா. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து கேக்க இது இன்னா கவர்மெண்ட் ஆபீஸா?"

"தப்பா அமுக்கிட்டா அப்படியே போயிடும் சார்."

"தப்பா? நானா?"

இன்று மத்தியானம், கேன்டீனில் யார் யார் டீ டம்ளரோடு பொழுதை ஓட்டுகிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க அவருக்கு ஆசை. பட்டன்களை அமுக்கினார். அவர் ரூம் டிவியில் ஒன்றும் வரவில்லை. "தண்ட மிஷின்" என்று திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அமுக்கினால், கேன்டீன் பட்டனில் சிவப்பு விளக்கு. வேறு யாரும் மாற்ற முடியாதபடி யாரோ பூட்டியிருக்கிறார்கள்.

விறுவிறுவென்று கேன்டீனுக்குப் போனார். டிவி இருண்டு கிடந்தது. அதற்குக் கீழே நின்ற ரத்தினம் இவரைக் கண்டதும், "சார் வந்துட்டாரும்மா" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டார். கேன்டீன் ஆட்கள் போனைத் தொடவே கூடாது என்பது தாண்டவராயன் போட்ட சட்டம். விடுவாரா? உச்சிமாகாளியைக் கூப்பிட்டு, ரத்தினத்தைக் கையோடு கன்ட்ரோல் ரூமுக்கு இழுத்துவரச் செய்துவிட்டார்.

"யாருக்குய்யா போன் பண்ணே?"

"சார், வுட்டுடுங்க சார். இனிமே தொட மாட்டேன்."

"யாருக்குன்னு கேட்டேன்!"

ரத்தினம் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பார்த்தியா உச்சிமாகாளி? சோறு போடற கம்பெனிக்கே உண்மையா இல்ல. நாம நாள் பூரா கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திகினு பார்த்தாலும் இதுங்க திருந்தாது. பாஸை வாங்கு. நாளையில இருந்து கேட்டைத் தாண்டக் கூடாது!"

ரத்தினத்தின் கண் கலங்கிவிட்டது. "மண்ணூர்லருந்து சைக்கிள் மிதிச்சிகினு வரேன் சார். இந்த வயசுல வேற எந்தக் கம்பெனில சேத்துப்பாங்கோ?"

"அதை போன் பேசறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

ரத்தினம் கழுத்திலிருந்த பாஸைத் தானே கழற்றி உச்சிமாகாளியிடம் கொடுத்தார்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் கவிப்பிரியா.

ரத்தினம் பதறிப்போனார். "வாணாம்மா! நீ சும்மா இரு. என்னோட போகட்டும்."

"ஓஹோ! கூட்டுக் களவாணியா?" தாண்டவராயனுக்கு முகமெல்லாம் வெற்றி. "டிவியைப் பூட்டினது நீதானா?"

"நான்தான் சார். உச்சிமாகாளி அண்ணே, ரத்தினம் அண்ணனை இட்டுகினு செத்த வெளிய நிக்கிறீங்களா? சார்கிட்ட தனியா சொல்லிடறேன்."

"எதுக்குத் தனியா? யாரும் நகரக் கூடாது. எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாலயும் சொல்லு. என்கிட்ட ஒளிவு மறைவே கிடையாது!"

கவிப்பிரியா ரத்தினத்தைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் உச்சிமாகாளி கையிலிருந்த பாஸைப் பார்த்தாள்.

"கேன்டீன் கேமராவை உங்க டிவிக்கு வரவழைக்கிறதா நெனச்சிகினு, உங்க ரூம் கேமராவைக் கேன்டீன் டிவிக்கு அனுப்பிட்டீங்க சார். டேக் இல்லாததால அமுக்கினதும் போயிடுச்சு. நான்கூட கவனிக்கல."

"என் ரூமா?" தாண்டவராயனின் குரல் இறங்கியது. "நான் சும்மா கொஞ்ச நேரம்..."

உச்சிமாகாளி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரத்தினம் அண்ணன் போன் பண்ணது எனக்குத்தான் சார். 'நம்ம சார் காலைத் தூக்கி மேசை மேல போட்டுகினு, வாயைத் தொறந்துகினு தூங்கறாரும்மா. பசங்க டீக்கு வர்ற நேரம். மனுசன் மானம் பூடும், சட்டுனு அணைச்சிடு'ன்னாரு."