மூன்று துண்டு ரிவர்ஸ்டன்

"உம்மா, ஓடி வாங்க! மெழுகு முழுக்கப் போயிட்டு! ஐயோ, வந்து பாருங்களே!"

கொல்லையில் நின்று மஸீனா போட்ட கூச்சலில், மகளுக்குக் கைதான் வெந்துவிட்டது என்று ஸுலைஹா அகப்பையும் கையுமாக ஓடி வந்தாள்.

கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடியில் மூன்று நீளத் துணிகள் ஈரம் சொட்டத் தொங்கின. முதல் துணியில் தேயிலைச் சரிவு. நடுத் துணி முழுக்க மூடுபனி. மூன்றாவதில், பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு மலை. மூன்றும் சேர்ந்தால் அசல் ரிவர்ஸ்டன் மலை!

"அல்லாவே!" என்றாள் ஸுலைஹா. மூன்று துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த பானையைப் பார்த்தாள். "இதுக்குத்தானா என்ட சோத்துப் பானைய நாசமாக்கின?"

மஸீனா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். படிப்பது பொருளியல், பைத்தியம் பத்திக். உருக்கிய மெழுகால் துணியில் கீறி, சாயத்தில் முக்கி, கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்ற வேண்டும். அந்தக் கொதியில்தான் படம் தேறியதா, நாறியதா என்று தெரியும். அவள் லீவுக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் சோறுகூட மெழுகு வாசம் அடித்தது.

"சனிக்கிழம கெம்பஸ்ல கண்காட்சி உம்மா! இண்டைக்கு அந்திக்குள்ள குடுத்தாத்தான் எடுப்பாங்க. ரெண்டு மணி பஸ்ஸ விட்டா எல்லாம் போச்சு!"

"வாப்பாட்ட கேட்டியா?"

மஸீனாவின் துள்ளல் அப்படியே நின்றுபோனது. போன லீவில் வாப்பா யஹ்யா ஹாஜியார் சொன்னது இன்னும் காதில் இருந்தது. 'ஒன்னப் படிக்கத்தான் அனுப்பினேன், சாயம் காச்ச இல்ல. இனி இந்த வேலையக் கண்டா, கெம்பஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்.' சொன்னால் செய்கிற மனுஷன்.

"அது கெடக்கட்டும், இவ்வளவு நல்ல துணி எங்கால?" என்றாள் ஸுலைஹா. கூப்பனைக் காட்டினாலும் நல்ல துணி கிடைக்காத எழுபத்து மூன்றாம் வருடம் அது.

"வாப்பாட தகரப் பெட்டிக்கு அடில, பேப்பர்ல சுத்திச் சும்மா கெடந்திச்சு. மூணு துண்டு."

"கேக்காமலா எடுத்த? யாருக்காச்சும் குடுக்க வச்சிருப்பாரு! போச்சு, இண்டைக்கு ஒனக்கு இருக்கு!"

துணியைக் கழற்ற ஸுலைஹா கையை நீட்டுவதற்குள் வாசலில் ஸலாம் கேட்டது. கராம்புக் கடையைப் பூட்டிவிட்டு ஹாஜியார் சோற்றுக்கு வந்துவிட்டார். கை கழுவக் கொல்லைக்கு வந்தவர், கொடியைப் பார்த்ததும் நின்றார்.

"வாப்பா..." மஸீனா கொடிக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். "கேக்காம எடுத்தது பிழைதான். ஏசுங்க. ஆனா ஒருக்கா நல்லாப் பாத்துட்டு ஏசுங்க. மார்க்கத்துல உயிருள்ளதக் கீறத்தானே கூடாது, நான் ஒரு குருவி கூடக் கீறல்ல!"

ஹாஜியார் கொடியருகே போனார். நடுத் துணியின் ஓரத்தைப் பிடித்து, விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"மூணையுமா எடுத்த?"

"மூணும் இருந்தாத்தான் வாப்பா மலை முழுசா வரும்."

"சாயம் போகுமா?"

இந்தக் கேள்வியில் மஸீனாவுக்கு உயிர் திரும்பிவிட்டது. "போகவே போகாது! நானே காச்சின சாயம். மண்ணுக்குள்ள பொதைச்சு வச்சாலும் போகாது வாப்பா!"

ஹாஜியார் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். உம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விடிய சுபஹு தொழுதுட்டு ரத்தோட்டைக்கு மேல போனா பனி இப்பிடித்தான் எறங்கும்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சாயத்துல இத எப்பிடிப் புடிச்ச?"

"அந்த எடத்துக்குச் சாயமே போடல்ல வாப்பா. அது துணிட வெள்ளைதான்."

"மாஷா அல்லாஹ்." ஹாஜியார் அந்த வெள்ளையைத் தடவினார். "கொண்டு போ. ஒன்ட பேரப் பெரிசா எழுதி மாட்டச் சொல்லு. ஒண்ணு மட்டும் கேளு மகள். எவன் எவ்வளவு தந்தாலும் வித்துராத. முடிஞ்ச கையோட வீட்டுக்குக் கொண்டு வந்துரு."

மஸீனா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பிறகு உம்மாவைக் கட்டிக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினாள். சோறு தின்ன மறந்தே போனாள். வெயிலில் துணி காய்ந்ததும், ஹாஜியாரே ஓரத்தோடு ஓரம் சேர்த்து மூன்றையும் மடித்து, பஸ் நிலையம்வரை தூக்கிக்கொண்டு போனார்.

"சனிக்கிழம கட்டாயம் வரணும் வாப்பா!" பஸ் திரும்பும்வரை ஜன்னலில் அவள் தலை தெரிந்தது.

"வாறேன், வாறேன்! கடையப் பூட்டிட்டாவது வாறேன்!"

வீட்டில் ஸுலைஹா சோற்றை ஆறவைத்துக்கொண்டு காத்திருந்தாள். "ஒங்களுக்கு இண்டைக்கு என்ன புடிச்சிச்சு? கிழிச்சு எறிவீங்கண்டு பயந்து செத்தேன். அது யாருக்கு வச்சிருந்த துணி?"

ஹாஜியார் சோற்றைப் பிசைந்தார். "புள்ள கேட்டா, சட்டை தைக்க வாங்கினதுண்டு சொல்லிரு ஸுலைஹா. நான் மௌத்தானா என்னச் சுத்தி அடக்கட்டும்ண்டு, மக்காவுல ஸம்ஸம் தண்ணில நனைச்சு, ஒனக்குக் கூடக் காட்டாமக் கொண்டு வந்து வச்ச மூணு துண்டுக் கபன் துணி அது."